கவனக் கசிவு

போட்டிக் கவன நெறிமுறை வாரியம் ஒரு தும்மலிலிருந்து பிறந்தது.

வெளிநாட்டில் நடந்த ஒரு கணினி ஆட்ட இறுதிப் போட்டியில், கொரிய அணியின் வாள்வீரன் ஆற்றைத் தாண்டிப் பாய்ந்த நேரம் பார்த்து, அவனை இயக்கிக்கொண்டிருந்த இளைஞனுக்குத் தும்மல் வந்துவிட்டது. அவன் கண்ணைத் திறந்தபோது கோட்டை இல்லை. சியோல் நகரத் தொலைக்காட்சிகள் அந்தத் தும்மலை மெதுவாகவும் வேகமாகவும் பின்னோக்கியும் ஓட்டிக் காட்டின. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் அதைப் பற்றி அவையில் மணிக்கணக்கில் பேசினார். விசாரணைக் குழு அமைந்தது. குழுவில் இருந்த எவரும் நதிக்கோட்டை ஆட்டத்தை ஒருமுறைகூட ஆடியவர்கள் அல்லர். ஆகவே அவர்களுடைய நடுநிலைமையை யாரும் ஐயுறவில்லை. குழு இரண்டு குற்றங்களைக் கண்டறிந்தது. ஒன்று, வீரனுடைய கண் திரையை விட்டு அகன்றது. மற்றொன்று, அவன் யாரையும் கேட்காமல் பாய்ந்தான். தும்மலைக் குழு பெரிதுபடுத்தவில்லை. அது இயற்கை என்று பெருந்தன்மையோடு விட்டுவிட்டது.

வாரியத்தின் தலைவராக மேங் சேயுன் அமர்த்தப்பட்டார். வாகனக் காப்பீட்டுத் துறையில் தலை நரைத்தவர். வீட்டு வாசலை விட்டு நகராத வாகனமே தலைசிறந்த வாகனம் என்ற முடிவுக்கு நெடுங்கால அனுபவத்தின் வழியாக வந்து சேர்ந்தவர். அவருடைய தொடக்க உரையை நாட்டின் எல்லா அணிகளும் நின்றபடியே கேட்டன.

“அன்பு வீரர்களே! துணிச்சல் என்பது என்ன? இன்னும் நிகழாத விபத்து. கவனம் என்பது என்ன? அந்த விபத்து நிகழாதபடி ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. நான் பொறுப்பில் இருந்த காலத்தில் எங்கள் நிறுவனம் எந்த வாடிக்கையாளருக்கும் இழப்பீடு தர நேர்ந்ததில்லை. எப்படி என்று கேட்பீர்கள். விபத்துக்குள்ளான வாகனத்தை நாங்கள் வாகனமாகவே கருதுவதில்லை. அதே அக்கறையோடு உங்களையும் பார்த்துக்கொள்வேன்.”

கைதட்டினால் கவனம் சிதறும் என்பதால் வீரர்கள் தலையசைத்தார்கள்.

அப்படித் தலையசைத்தவர்களுள் மாசான் நகரின் நீலக்கொக்குகள் அணியின் கேடயக்காரன் தாக் ஹாரிமும் ஒருவன். உரையில் பாதி அவனுக்குப் புரியவில்லை. மீதிப் பாதி தன்னைப் பற்றியதல்ல என்று நினைத்துக்கொண்டான். அவனுக்கு இடப்பக்கத்தில், அணியின் வாள்வீரன் கூ இன்சோக், கண்ணைத் திறந்தபடியே உறங்கும் கலையில் ஆழ்ந்திருந்தான்.

நதிக்கோட்டை, பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடும் ஆட்டம். நடுவில் ஆறு, கரைக்கு ஒரு கோட்டை. வாள்வீரன் ஆற்றைத் தாண்டிப் பாய வேண்டும். கேடயக்காரன் அவன் பின்னாலேயே, அதே மூச்சில் பாய வேண்டும். கேடயம் கூடவே வந்தால் அதன் பெயர் வெற்றி. ஓர் இமைப்பொழுது தாமதித்து வந்தால் அதே பாய்ச்சலுக்குப் பெயர் தற்கொலை. மற்ற மூவர் என்ன செய்வார்கள் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. வாரியம் வந்த பிறகு ஆட்டத்துக்கும் தேவைப்படவில்லை.

இன்சோக்கும் ஹாரிமும் மாசான் மீன்சந்தைக்கு மேல்மாடியிலிருந்த ஒரு பிசி பாங்கில், அதாவது வாடகைக் கணினி ஆட்டக்கூடத்தில், பழகியவர்கள். பள்ளி விட்டதும் அங்கேதான். இன்சோக் இரண்டு வகுப்பு மூத்தவன். அவன் இடப்பக்க நாற்காலி, ஹாரிம் வலப்பக்க நாற்காலி. நடுவில் ஒரே கிண்ணத்தில் ராம்யோன் நூடுல்ஸ், இரண்டு ஜோடி குச்சிகள். இன்சோக் எப்போது பாய்வான் என்று எதிராளிக்குத் தெரியாது; கூட ஆடும் மூவருக்கும் தெரியாது; பல சமயம் இன்சோக்குக்கே தெரியாது. ஹாரிமுக்கு மட்டும் தெரியும். பாய்வதற்குச் சற்று முன்பு இன்சோக் சுட்டியிலிருந்து வலக்கையை எடுத்து, உள்ளங்கையைத் தொடையில் ஒருமுறை துடைத்துக்கொள்வான். வியர்க்கும் கை. ஹாரிம் கடைக்கண்ணால் அதைப் பார்ப்பான். கை சுட்டிக்குத் திரும்புவதற்குள் கேடயம் ஆற்றின் மேல் இருக்கும்.

இதை அவன் இன்சோக்கிடம் சொன்னதே இல்லை. நடையைப் பற்றிப் பேசினால் நடப்பவனுக்குக் கால் தடுக்கும் என்று ஓர் அச்சம். “நான் பாயறது உனக்கு எப்படிடா தெரியுது?” என்று இன்சோக் கேட்கும்போதெல்லாம், “உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது அண்ணே, பசி வந்த பூனை மாதிரி ஆயிடுது” என்று மழுப்பிவிடுவான்.

இந்த ஆண்டு அவர்கள் இருவரும் சேர்ந்து ஆடும் கடைசி ஆண்டு. இன்சோக்கின் கட்டாய ராணுவச் சேவைக்கான அழைப்பு, ஒத்திவைக்கும் அளவுக்கெல்லாம் ஒத்திவைக்கப்பட்டுவிட்டது. ஆட்டக்காலம் முடிந்து மார்ச்சில் அவன் நோன்சான் பயிற்சி முகாமுக்குள் போக வேண்டும். திரும்பி வரும்போது அவனுடைய விரல்களுக்கு வயதாகியிருக்கும். இந்த ஆட்டத்தில் விரல்கள் சீக்கிரம் கிழடாகிவிடுகின்றன. அதற்குள் ஒரேயொரு முறை இறுதிப் போட்டி மேடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும். ஹாரிமுக்கு வாழ்க்கையில் வேறு கோரிக்கை எதுவும் இருக்கவில்லை.

வாரியம் தன் பணியைப் பட்டையிலிருந்து தொடங்கியது. பயிற்சியாளர் ஓக் ஆளுக்கொரு பட்டையை மணிக்கட்டில் மாட்டிவிட்டார். அதில் சிறு விளக்கு ஒன்று இருந்தது. மனம் ஓரிடத்தில் நின்றால் பச்சை. நாடி படபடத்தால் சிவப்பு, கூடவே ஓர் அதிர்வு. கண்ணுக்கு வேறு ஏற்பாடு: ஒவ்வொரு திரையின் உச்சியிலும் ஒரு கருவி விழியின் போக்கை அளந்துகொண்டிருந்தது.

“இது என்ன சார், ஆஸ்பத்திரியில சேத்த மாதிரி?” என்றான் இன்சோக்.

“கவனப் பட்டை. கழட்டவே கூடாது. தூங்கும்போதும்.”

“தூங்கும்போது எதை சார் கவனிக்கணும்?”

ஓக் நல்லவர், ஒரு காலத்தில் பெயர் பெற்ற வாள்வீரர். நல்லவர்களுக்கே உரிய அசதியோடு அவர் சொன்னார்: “எனக்கும் தெரியாதுப்பா. அடுத்த சுற்றறிக்கையில வரும்.”

அடுத்ததாக வந்தது புள்ளி. காலையில் எழுந்ததும் வீரர்கள் சுவரில் ஒட்டிய ஒரு வெள்ளைப் புள்ளியை இமைக்காமல் பார்க்க வேண்டும். பிறகு சாப்பாட்டு மேசைக்கும் புள்ளி வந்தது. கிம்ச்சிக் குழம்பைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே குடிக்கப் பழகும்வரை எல்லோருடைய சட்டையும் சிவந்து கிடந்தது. இஞ்சோன் அணியில் ஒருவன், வாற்கோதுமைத் தேநீர் குடித்தால் தனக்குப் பதற்றம் தணிகிறது என்று வெள்ளந்தியாக ஒரு நேர்காணலில் சொல்லிவிட்டான். மறு வாரமே வாற்கோதுமைத் தேநீர் எல்லா அணிகளுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. சூடு இவ்வளவு, அளவு இவ்வளவு, மிடறு இவ்வளவு. அந்த வீரனுக்குத் தேநீரைக் கண்டாலே பதறத் தொடங்கிற்று. வாரியத்திடம் எதைச் சொன்னாலும் அது விதியாகித் திரும்பி வரும் என்பதை ஹாரிம் அன்று மனத்தில் முடிந்துகொண்டான்.

முதல் பனி விழுந்த காலையில் அவர்கள் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்சோக் மட்டும் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஜன்னலுக்கு ஓடினான்.

“டேய், முதல் பனிடா! வேண்டிக்கிட்டா நடக்கும்! வாங்கடா!”

யாரும் திரும்பவில்லை. இன்சோக்கின் பட்டை செக்கச்செவேலென்று துடித்தது. அவன் திரும்பி வந்து உட்கார்ந்து, ஹாரிமின் காதருகே குனிந்து, “உனக்கும் சேத்து வேண்டிக்கிட்டேன்” என்றான்.

“என்னன்னு?” புள்ளியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான் ஹாரிம்.

“ஃபைனல்ஸ்தான். எனக்குப் பொண்டாட்டியா கேக்கப் போறேன்?”

அந்த ஆண்டின் முதல் பனியை ஹாரிம் காதால் மட்டுமே அறிந்தான்.

கவனம் சீரானதும் வாரியம் துணிச்சலின் பக்கம் திரும்பியது. இனி எந்த வீரனும் ஆற்றைத் தாண்டுவதற்கு முன் அனுமதி பெற வேண்டும். ஒவ்வொரு அணியின் முதுகுக்குப் பின்னாலும் ஓர் அனுமதி அலுவலர் அமர்த்தப்பட்டார். நீலக்கொக்குகளுக்கு வாய்த்தவர் மிகவும் மரியாதையான இளைஞர். உரத்துப் பேசி அறியாதவர்.

“ஐயா, ஆத்தத் தாண்டலாமா?” என்று ஒலிவாங்கியில் கத்துவான் இன்சோக்.

“தாண்டுவதன் நோக்கத்தைத் தெரிவிக்கலாமா?”

“எதிரி தனியா நிக்கறான்யா!”

“அவர் தனியாக நிற்பதை வேறு யாராவது உறுதி செய்ய முடியுமா?”

“இப்ப நாலு பேர் வந்துட்டானுங்க.”

“அப்படியானால் கோரிக்கையைத் திருத்திச் சமர்ப்பியுங்கள்.”

இப்படியாகக் கேட்கப்பட்ட அனுமதிகளுள் ஒன்று, மேலிடத்துக்குப் போய்க் கையொப்பமாகி, அந்த ஆட்டம் தோற்று அடுத்த ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் வந்து சேர்ந்தது. அனுமதி காலாவதியாகவில்லை, வழங்கப்பட்ட அனுமதியைப் பயன்படுத்தாமல் விடுவது பொறுப்பின்மை என்று விதி சொன்னது. ஆகவே இன்சோக் ஆற்றைத் தாண்டி, எவரும் இல்லாத ஒரு புதருக்குள் வாளை ஓங்கிப் பாய்ந்தான். ஹாரிம் கேடயத்தோடு கூடவே பாய்ந்தான். இருவரும் புதரை வெட்டிக்கொண்டிருந்தபோது அவர்களுடைய கோட்டை விழுந்தது. அந்தப் பாய்ச்சல் வாரியத்தின் பயிற்சிப் படத்தில், குறையற்ற துணிச்சலுக்கு எடுத்துக்காட்டாகச் சேர்க்கப்பட்டது.

ஆயினும் நீலக்கொக்குகள் மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். இன்சோக் சில சமயம் கேட்காமலே பாய்ந்தான். வென்ற பின் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். மரியாதையான அலுவலர், தாம் அந்த நேரத்தில் தேநீரின் மிடறுகளை எண்ணிக்கொண்டிருந்ததாக எழுதிக்கொடுத்தார். அவரும் மனிதர்தாமே. அரையிறுதி கைக்கெட்டும் தூரத்தில் வந்தபோதுதான் ஹாரிமை வாரியத்துக்கு அழைத்தார்கள்.

அறையில் மேங் சேயுனும் ஒரு பெரிய வரைபடமும் இருந்தன. வரைபடத்தில் ஹாரிமின் விழிகள் பச்சைக் கோடாக ஓடின. இடையிடையே இடப்பக்கமாகச் சிவந்து தெறித்தன.

“கவனக் கசிவு,” என்றார் மேங். “கண்டபடி கசிந்தால்கூட மன்னிக்கலாம். ஒவ்வொரு தாக்குதலுக்கும் முன்பு தவறாமல் கசிகிறது. எப்போது கவனம் மிகவும் தேவையோ, சரியாக அப்போதே! இடப்பக்கத்தில் என்ன இருக்கிறது?”

“அண்ணன் இருக்காரு சார். கூ இன்சோக்.”

“அவர் திரையில் இருக்கிறாரே. அங்கே பார்க்கலாமே.”

ஹாரிம் வாயைத் திறந்தான். கையைப் பற்றிச் சொன்னால் என்ன நடக்கும் என்று நினைத்தான். இன்சோக்குக்குக் கையுறை மாட்டுவார்கள். அல்லது நாட்டிலுள்ள எல்லா வாள்வீரர்களும் தொடையைத் துடைத்தாக வேண்டும். இவ்வளவு அழுத்தம், இவ்வளவு தூரம். வாயை மூடிக்கொண்டான்.

“அரையிறுதிக்குள் கோடு முழுவதும் பச்சையாக வேண்டும்,” என்றார் மேங், தந்தையின் கனிவோடு. “இல்லையேல் உங்கள் நாற்காலியில் வேறொருவர் அமர்வார். உங்கள் பக்கத்தில் தடுப்புப் பலகை வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். வீரன் தானாகவே திரும்பாமல் இருக்க வேண்டும். அதுதான் பண்பாடு.”

அணி தங்கியிருந்த வீட்டுக்கு ஒரு கழுத்துப் பட்டை வந்து சேர்ந்தது. கழுத்தெலும்பு முறிந்தவர்கள் அணிவது போன்றது. ஹாரிம் அதை மாட்டிக்கொண்டு பயிற்சி செய்தான். முதலில் கழுத்து நின்றது. பிறகு, வெகு பாடுபட்டு, கண் நின்றது. இடப்பக்க உலகம் சிறுகச் சிறுக மங்கி, ஒரு நாள் அங்கே ஒன்றுமே இல்லாமல் போயிற்று.

“என்னடா, சுளுக்கா?” இன்சோக் ராம்யோன் கிண்ணத்தை நடுவில் வைத்தான். “கல்யாண மேடையில மாப்பிள்ளை உக்காந்த மாதிரி நேரா உக்காந்திருக்க. பொண்ணு யாரு, அந்தப் புள்ளியா?”

“ஸ்கோர் ஏறணும் அண்ணே. ஏறலேன்னா தூக்கிடுவாங்க.”

“ஏத்துடா, ஏத்து. நான் எங்க போயிடப் போறேன்? மார்ச்சு வரைக்கும் உன் பக்கத்துலதான் இருப்பேன்.” குச்சியால் ஒரு வாய் எடுத்து ஊட்டவே வந்தான். “அம்மா போன் பண்ணுச்சு. ஃபைனல்ஸ் அன்னிக்கிக் கடைய மூடிட்டு வருதாம். ஆகு மீன் குழம்பு ஒரு அண்டா நிறைய. மேங்குக்கும் ஒரு கிண்ணம் குடுக்கலாம்னு சொல்லுச்சு. அந்தக் காரத்துக்கு, அந்தாளு பட்டை மாட்டியிருந்தா வெடிச்சிரும்.”

ஹாரிம் சிரித்தான். சிரித்தபோதும் நேரே பார்த்தே சிரித்தான். இன்சோக்குடன் ஆட வேண்டும் என்பதற்காகவே அவனைப் பார்க்காமலிருக்கக் கற்றுக்கொள்வதில் உள்ள கோணல் அவனுக்குத் தென்படாமல் இல்லை. நாற்காலி இருந்தால்தானே பக்கத்து நாற்காலி என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அரையிறுதியில் அரங்கம் நிரம்பி வழிந்தது. மூன்றாவது ஆட்டம், வென்றவர்களுக்கு இறுதி மேடை. விழியின் போக்கை அரங்கத்துக்குக் காட்டும் விளக்கு ஹாரிமின் நாற்காலிக்கு மேல் பச்சையாக எரிந்தது. வாரியத்தினர் முன்வரிசையிலிருந்து அதைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு அமைதியாக ஓடியது. எதிரணியும் வாரியத்திடம் பயின்றதுதான். ஆகவே இரு கரையிலும் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

அப்போது அக்கரையில் ஒரு காவலன் ஓரடி விலகி நின்றான். அவ்வளவுதான். மாசான் மீன்சந்தை மாடியில் இத்தகைய ஓரடிகளால்தான் அவர்கள் வளர்ந்தார்கள்.

இன்சோக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த ஓரடி மூடிப்போயிருக்கும். அவன் வலக்கையைச் சுட்டியிலிருந்து எடுத்தான், தொடையில் துடைத்தான். அந்தக் கை ஹாரிமின் முழங்கையிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது.

ஹாரிம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாள் ஆற்றின் மேல் பறப்பதை அவன் பார்க்கத்தான் செய்தான். ஆனால் திரையில் பார்த்தபோது அது நடந்துவிட்ட ஒன்று. கையில் பார்த்திருந்தால் நடக்கப்போகும் ஒன்றாக இருந்திருக்கும். விரல்கள் விழுந்தடித்து ஓடின. கேடயம் நடு ஆற்றில் இருக்கையில் அக்கரையில் வாள்வீரன் தனியாக, ஐவர் நடுவே விழுந்தான். பிறகு நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. கோட்டை விழும்வரையிலும் ஹாரிமின் விளக்கு பச்சையாகவே எரிந்தது.

இன்சோக் காதிலிருந்த ஒலிக்கருவியைக் கழற்றினான். அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஹாரிமுக்கு எளிதாக இருந்திருக்கும்.

“ஏன்டா வரல?”

விசாரணை மறுநாளே நடந்தது. மேங் எழுந்து நின்றார்.

“நீலக்கொக்குகள் தோற்றது வாரியத்துக்கு வருத்தமில்லை. தோல்வி எல்லோருக்கும் வரும். அனுமதியின்றித் தோற்றதே வருத்தம். கேட்டிருந்தால் நாங்கள் முறைப்படி மறுத்திருப்போம். நீங்கள் முறைப்படி தோற்றிருப்பீர்கள்.” அவர் இன்சோக்கின் பக்கம் திரும்பினார். “நீங்கள் ஏன் பாய்ந்தீர்கள்?”

“அவன் கூட வருவான்னு பாஞ்சேன் சார்.”

“வருவார் என்பதற்கு உங்களிடம் என்ன உத்தரவாதம் இருந்தது?”

இன்சோக் யோசித்தான். “எப்பவும் வருவான்.”

“எப்பவும்!” மேங் அவையைப் பார்த்து வருத்தத்தோடு புன்னகைத்தார். “காப்பீட்டில் நாங்கள் அதிகம் கேட்ட சொல் இதுதான், நண்பர்களே. விபத்துக்கு மறுநாள்.” பிறகு ஹாரிமிடம் கேட்டார்: “இவர் பாயப்போவதை நீங்கள் பார்த்தீர்களா?”

ஹாரிம் எழுந்தான். இரவெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் சுமந்திருந்தான். குற்றம் தன்னுடையது என்று உலகத்துக்குச் சொல்லிவிட வேண்டும்; வேலை போனாலும் போகட்டும்.

“பாக்கல சார்,” என்றான். “பக்கத்துலயே இருந்தேன். ஒரு சாண் தூரம். நான் திரும்பிப் பாத்திருந்தா அண்ணன் விழுந்திருக்க மாட்டாரு. நான் பாக்கல. ஒருதரம்கூட பாக்கல. தப்பு என்னோடது.”

பின்னர் முன்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். கைதட்டல் பரவியது. மேங் சேயுன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஒரு சாண் தூரத்தில், இத்தனை பெரிய சபலம், அப்போதும் திரும்பவில்லை! இத்தகைய ஒரு வீரனைக் காண்பதற்காகத்தான் இந்த வாரியம் இவ்வளவு பாடுபட்டது.”

“சார், நான் சொல்ல வந்தது அது இல்ல…”

“அடக்கம்,” என்றார் மேங் அவையிடம்.

இன்சோக் நீக்கப்பட்டான். அணியில் இல்லாதவனுக்கு ராணுவ அழைப்பை ஒத்திவைக்கக் காரணமும் இல்லை, மார்ச் ஜனவரியாயிற்று. அன்று மாலையே அவன் பெட்டியைக் கட்டினான். வாசலில் செருப்பை மாட்டும்போது ஹாரிம் ஏதோ சொல்ல முற்பட்டான். “விடுடா” என்று இன்சோக் அவன் தலையை ஒருமுறை கலைத்துவிட்டுப் போனான். எதை விட வேண்டும் என்று சொல்லவில்லை.

மூன்றாம் இடத்துக்கான போட்டியில் இடப்பக்க நாற்காலியில் வாரியம் அனுப்பிய புதிய வாள்வீரன் அமர்ந்தான். அவனுடைய கைகள் வியர்க்கவே வியர்க்காது என்று பயிற்சியாளர் ஓக் சோர்வோடு சொன்னார். இரு அணிகளின் பத்து நாற்காலிகளின் உச்சியிலும் பத்துப் பச்சை விளக்குகள். யாரும் ஆற்றைத் தாண்டவில்லை. வர்ணனையாளர் முதலில் மரங்களை வர்ணித்தார், பிறகு ஆற்றின் போக்கை, பிறகு, தொண்டை கிழிய, “நிற்கிறார்! இன்னும் நிற்கிறார்! நின்றுகொண்டே இருக்கிறார்!” என்று கூவினார். பார்வையாளர்களில் முக்கால்வாசிப் பேர் பொரித்த கோழியைத் தேடி வெளியே போய்விட்டார்கள். அரங்கத்தை மூடும் நேரம் வந்ததும் ஆட்டம் நிறுத்தப்பட்டது. விழிக்கோடுகளை ஒப்பிட்டு நீலக்கொக்குகள் வென்றதாக அறிவித்தார்கள். வரலாற்றிலேயே விபத்தில்லாத முதல் ஆட்டம் என்று மேங் அதைப் போற்றினார். அதே மேடையில் ஹாரிமுக்குத் தூய கவனத்துக்கான முதல் விருது வழங்கப்பட்டது. அது ஒரு கண்ணாடிக் கண். இமை கிடையாது.

ஜனவரியில் நோன்சானில் காற்று தோலை உரித்தது. முகாம் வாசலில் குடும்பங்கள் கும்பல் கும்பலாக நின்றன. இன்சோக் மொட்டைத் தலையில் கம்பளித் தொப்பி போட்டிருந்தான். அவனுடைய அம்மா கடையை மூடிவிட்டு, ஆகு மீன் குழம்பை அண்டா நிறைய இல்லாமல் ஒரு தூக்குப் போணியில் கொண்டுவந்திருந்தாள்.

“வா ஹாரிமு, நீயும் ஒரு வாய் சாப்பிடு. இளைச்சுப் போயிட்டியே. டிவியில பாத்தேன், பரிசு வாங்கினியாமே.”

“ஆமா அம்மா,” என்றான் ஹாரிம். அந்தக் காரத்தில் கண் கலங்கியதற்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

இன்சோக் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டான். “உள்ள போறதுக்குள்ள ஒண்ணு கேட்டுக்கறேன்டா. பூனை கதையெல்லாம் சொல்லாத. நான் பாயறது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“நீ கையத் துடைப்பே அண்ணே.”

“எந்தக் கைய?”

“வலது கை. தொடையில. பாயறதுக்கு முன்னாடி.”

“நானா?”

“சின்ன வயசுலேர்ந்தே துடைப்பான்,” என்றாள் அம்மா, போணியை மூடியபடி. “பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாலும் வாசல்ல நின்னு ஒருதரம் துடைப்பான். பேண்டெல்லாம் அந்தப் பக்கம்தான் நைஞ்சு போகும்.”

இன்சோக் தன் வலக்கையை யாருடையதோ போலப் பார்த்தான். “அப்ப அன்னிக்கு?”

“அன்னிக்கும் துடைச்சிருப்பே. நான் பாக்கல.”

“ஏன்டா?”

ஹாரிம் சட்டைக் கையை விலக்கி மணிக்கட்டைக் காட்டினான். இன்சோக் அந்தச் சிறு விளக்கை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பச்சையா எரியுது,” என்றான்.

“ஆமா அண்ணே.”

“உன்கூட ஆடணும்னுதான் ஏத்தச் சொன்னேன் நானும்.” அவன் சட்டைக் கையை இழுத்து அந்த விளக்கை மூடிவிட்டான். “மூடி வை. குளுருது.”

ஒலிபெருக்கி கூப்பிட்டது. குடும்பத்தார் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். இன்சோக் அம்மாவைக் கட்டிக்கொண்டான், கோட்டைத் தாண்டினான், மொட்டைத் தலைகளின் வரிசையில் கடைசியாகப் போய் நின்றான். வரிசை நகர்வதற்குச் சற்று முன்பு அவனுடைய வலக்கை மெல்ல எழுந்து, தொடையில் ஒருமுறை துடைத்துக்கொண்டது.

பாதித் துடைப்பில் அவன் நின்றான். தன் கையைப் பார்த்தான். சட்டெனத் திரும்பிக் கூட்டத்தில் தேடினான்.

ஹாரிம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கால் அவனைக் கேட்காமலே கோட்டைத் தாண்டியிருந்தது. காவலுக்கு நின்ற சிப்பாய் அவன் மார்பில் கை வைத்து, “தம்பி, இதுக்கு மேல கூடப் போக முடியாதுப்பா” என்று தணிந்த குரலில் சொன்னான்.

இன்சோக் சிரித்தான். பிறகு வரிசை நகர்ந்தது. ஒன்றுபோலிருந்த தலைகளுள் எது அவனுடையது என்று தெரியாமற்போன பிறகும் ஹாரிம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். சட்டைக் கைக்குள் பட்டை சிவந்து அதிர்ந்தது, அதிர்ந்துகொண்டே இருந்தது.

வாரியத்தின் அன்றைய பதிவில், தூய கவனத்துக்கான விருது பெற்ற வீரரிடம் இதுவரை காணாத அளவுக்கு நீண்டதொரு கசிவு ஏற்பட்டதாகக் குறிக்கப்பட்டது. அந்த நேரத்தில் அவருக்கு முன்னால் திரை எதுவும் இருக்கவில்லை என்பதால், அவர் எதையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்று வாரியம் முடிவுசெய்தது.